டேப்லெட் லோகோவிலேயே நிற்கிறதா? கணினி வழியாக ஃபர்ம்வேர் மீட்கும்போது வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

லோகோவைத் தாண்டாத டேப்லெட்டை ஒருவர் கொண்டுவந்து கொடுக்கும்போது, பெரும்பாலும் அதில் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை ஃபர்ம்வேர் (டேப்லெட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றிப் பார்த்திருப்பார். பலருக்குச் சிக்கல் ஃபர்ம்வேரில் இருக்காது. கேபிள் சரியில்லாமல் இருக்கும், இல்லையென்றால் வேறு மாடலின் கோப்பை எடுத்திருப்பார்கள். இன்னும் சிலர், டேட்டாவை அழிக்காத வழி இருக்கும்போதே அழிக்கும் பட்டனை முதலில் அழுத்தியிருப்பார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தக் கடைசி வகைதான். டேப்லெட் எப்படியாவது உயிர்பெற்றுவிடும், பேக்கப் எடுக்காத படங்கள் திரும்ப வராது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத, டேட்டாவைத் தொடாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன்.

ஐபேடையும் சாம்சங் டேப்லெட்டையும் மனத்தில் வைத்து எழுதியது இது. மற்ற ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளுக்கு வழி மாறும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

எதையும் தொடங்கும் முன்

டேப்லெட்டைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். திரை ஓரம் தூக்கியிருந்தாலோ பின்பக்கம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், கணினியில் மாட்டாதீர்கள், நேராகச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். மற்றபடி பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். லேப்டாப்பைச் சார்ஜரில் மாட்டி, தூக்க நிலைக்குப் போகாதபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

முழு மாடல் எண்ணை டேப்லெட்டின் பின்பக்கத்திலோ பெட்டியிலோ பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 'கேலக்ஸி டேப் ஏ8' என்ற பெயர் மட்டும் போதாது. அதில் வைஃபை மட்டும் உள்ளது எக்ஸ்200, சிம் போடக்கூடியது எக்ஸ்205. இரண்டுக்கும் ஃபர்ம்வேர் வேறு.

டேப்லெட்டில் இருந்த கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் தெரியுமா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபிறகு டேப்லெட் அதைத்தான் கேட்கும்.

## அறிகுறி 1: லோகோவில் நிற்கிறது, அல்லது லோகோ வந்து வந்து போகிறது

சும்மா காத்திருந்து பார்ப்பது. சிஸ்டம் அப்டேட் முடிந்த கையோடு இப்படி ஆகியிருந்தால், சார்ஜரில் மாட்டி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு முதல் முறை திறக்க நேரம் பிடிக்கும். நடுவில் பட்டனை அழுத்தி அணைப்பதால்தான் சில டேப்லெட்டுகள் உண்மையிலேயே கெட்டுப்போகின்றன.

கவரைக் கழற்றுவது. ஒவ்வொரு முறையும் ரிக்கவரி திரைக்கோ (பழுது நீக்கும் மெனு) டவுன்லோட் திரைக்கோ (கணினியிலிருந்து ஃபர்ம்வேர் வாங்கும் நிலை) தானாகப் போகிறது என்றால், வால்யூம் பட்டன் அழுந்திக் கிடக்கலாம். இறுக்கமான கவரே போதும். கழற்றிவிட்டு, பட்டன் இரண்டும் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வருகின்றனவா என்று பாருங்கள்.

கட்டாய மறுதொடக்கம். சாம்சங்கில் பவர் பட்டனையும் வால்யூம் கீழ் பட்டனையும் சேர்த்து, திரை கருப்பாகும் வரை பிடியுங்கள். ஹோம் பட்டன் இல்லாத ஐபேடில் மேல் பட்டனுக்கு அருகில் உள்ள வால்யூம் பட்டனை அழுத்தி உடனே விடுங்கள், அப்புறம் தள்ளியிருக்கும் வால்யூம் பட்டனை அழுத்தி விடுங்கள், பிறகு மேல் பட்டனை லோகோ வரும் வரை பிடியுங்கள். ஹோம் பட்டன் உள்ள ஐபேடில் அதையும் மேல் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

டேட்டாவைத் தொடாத மீட்பு. இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

ஐபேடை கணினியில் மாட்டி (கணினியில் எந்த மென்பொருள் வேண்டும் என்பது அறிகுறி 2-இல்), மேலே சொன்ன வரிசையிலேயே அழுத்துங்கள். ஆனால் ஆப்பிள் லோகோ வந்ததும் விரலை எடுக்கக் கூடாது. கேபிளும் கணினியும் உள்ள படம் வரும் வரை பிடித்திருக்க வேண்டும். அப்போது கணினி 'அப்டேட்', 'ரீஸ்டோர்' என்று இரண்டு பட்டன் காட்டும். அப்டேட் என்பது உங்கள் டேட்டாவை விட்டுவிட்டு ஐபேட் ஓஎஸ்ஸை மட்டும் திரும்பப் போட முயல்வது. ரீஸ்டோர் எல்லாவற்றையும் துடைத்துவிடும். முதலில் அப்டேட்தான். சேமிப்பிடம் முழுக்க நிரம்பியதால் லோகோவில் மாட்டிக்கொண்ட ஐபேடும் இதில் சில சமயம் எழுந்துவிடும்.

சாம்சங்கில் ரிக்கவரி மெனுவுக்குப் போக, பவர் பட்டனையும் வால்யூம் மேல் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். புதிய மாடல்களில் கேபிள் கணினியோடு இணைந்திருந்தால்தான் இந்த மெனு வரும். பலர் 'பட்டன் வேலை செய்யவில்லை' என்று சொல்வது இதனால்தான். அங்கே கேஷ் பார்ட்டிஷனை, அதாவது தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் பகுதியை, துடைக்கும் வரியும், சில மாடல்களில் ஆப்களைச் சரிசெய்யும் வரியும் இருக்கும். இவை இரண்டும் உங்கள் கோப்புகளைத் தொடாது. ஃபேக்டரி ரீசெட் வரியும் பக்கத்திலேயே இருக்கும், ஆகவே பவர் பட்டனை அழுத்தும் முன் எந்த வரியில் நிற்கிறீர்கள் என்று படித்துப் பாருங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் டேப்லெட்டை டவுன்லோட் மோடில் வைத்து (எப்படி என்பது அறிகுறி 2-இல்), விண்டோஸ் கணினியில் 'ஓடின்' என்ற சாம்சங்குக்கான மென்பொருள் மூலம் ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டும். கோப்புகள் பிஎல் (பூட்லோடர், டேப்லெட்டை முதலில் எழுப்பும் மென்பொருள்), ஏபி (சிஸ்டம்), சிபி (மொபைல் நெட்வொர்க் மோடம்), சிஎஸ்சி, ஹோம் சிஎஸ்சி (இரண்டும் நாடு, நெட்வொர்க் அமைப்புகள்) என்று ஐந்தாக வரும். வைஃபை மாடலில் சிபி இல்லாமலும் இருக்கும், அது கோளாறு இல்லை. சிஎஸ்சி என்று எழுதிய இடத்தில் ஹோம் சிஎஸ்சி கோப்பைக் கொடுத்தால் டேட்டா மிஞ்சும், வெறும் சிஎஸ்சி கொடுத்தால் எல்லாம் அழியும். டேப்லெட்டில் இருந்த அதே பதிப்போ அதைவிடப் புதியதோ ஏற்றும்போதுதான் ஹோம் சிஎஸ்சி ஒழுங்காக வேலை செய்யும். ரீ-பார்ட்டிஷன் என்ற பெட்டியில் டிக் இருக்கக் கூடாது.

## அறிகுறி 2: கணினிக்கு டேப்லெட் தெரியவே இல்லை

கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் ஏராளமாகப் புழங்குகின்றன, உள்ளே டேட்டா கம்பியே இருக்காது. அதே கேபிளில் வேறொரு நல்ல போனை மாட்டி, கணினியில் அதன் கோப்புகள் தெரிகின்றனவா பாருங்கள். தெரியவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

கணினியின் போர்ட். ஹப், எக்ஸ்டென்ஷன், மானிட்டரில் உள்ள போர்ட் எதுவும் வேண்டாம். கணினியிலேயே நேராக மாட்டுங்கள். மேசைக் கணினி என்றால் பின்பக்கப் போர்ட்.

டேப்லெட்டின் போர்ட். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பையில் கிடந்த டேப்லெட்டில் பஞ்சு அடைந்து, கேபிள் முழுதாக உள்ளே போகாமல் இருக்கும். டேப்லெட்டை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, பின் எதையும் விடாதீர்கள்.

டிரைவர். டேப்லெட் சாதாரணமாக ஓடும்போது ஒரு டிரைவர், டவுன்லோட் மோடிலோ ரிக்கவரி மோடிலோ இருக்கும்போது வேறு டிரைவர். நேற்றுவரை கணினியில் படம் காப்பி செய்தேனே என்பதால் இன்றைக்கு டவுன்லோட் மோடிலும் தெரிந்தாக வேண்டும் என்று இல்லை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளை மாட்டுங்கள். மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஒரு வரி வந்தால் கேபிள் நல்லது, டிரைவர்தான் இல்லை. ஒன்றுமே வரவில்லை என்றால் கேபிள், போர்ட் பக்கமே திரும்பிப் போங்கள்.

சாம்சங்குக்கு அதன் யூஎஸ்பி டிரைவரை நிறுவி, கணினியை ஒரு முறை மறுதொடக்கம் செய்யுங்கள். ஓடினில் மேலே உள்ள சிறு பெட்டி நிறம் மாறி, கீழே 'ஆடட்' என்று வந்தால் இணைப்பு சரி. ஐபேடுக்கு விண்டோஸில் ஆப்பிள் டிவைசஸ் ஆப் அல்லது ஐட்யூன்ஸ் வேண்டும். மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து ஃபைண்டரே போதும், அதற்கு முந்தைய மேக்கில் ஐட்யூன்ஸ். மேக் பழையதாகவும் ஐபேட் புதியதாகவும் இருந்தால் முதலில் மேக்கை அப்டேட் செய்யுங்கள்.

டவுன்லோட் மோடுக்கே போகவில்லையா? இப்போதைய சாம்சங் டேப்லெட்டுகளில், அணைத்த நிலையில் வால்யூம் மேல், கீழ் இரண்டையும் பிடித்துக்கொண்டு, கணினியில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் கேபிளை டேப்லெட்டில் செருக வேண்டும். எச்சரிக்கைத் திரை வரும். வால்யூம் மேல் பட்டனை ஒரு முறை தட்டிவிட்டு விடுங்கள். சில டேப்லெட்டுகளில் அதே பட்டனை நீண்ட நேரம் பிடித்தால் பூட்லோடர் பூட்டைத் திறக்கும் பக்கம் வரும். அங்கே சம்மதித்தால் டேட்டா முழுதும் போய்விடும்.

நிபுணரிடம் போகும் இடம்: நல்லவை என்று தெரிந்த இரண்டு கேபிள், இரண்டு கணினி பார்த்தாயிற்று, சார்ஜும் விட்டு விட்டு ஏறுகிறது என்றால் டேப்லெட்டின் சார்ஜிங் போர்ட்தான். போர்டு (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை) வேலையோடு ஒப்பிட்டால் சிறிய பழுது. 'சார்ஜிங் போர்ட்டைப் பாருங்கள்' என்று நீங்களே சொல்லிக் கொடுங்கள், ஃபர்ம்வேர் போடச் சொல்லாதீர்கள்.

## அறிகுறி 3: ஏற ஆரம்பித்துப் பாதியில் நிற்கிறது

பயத்தில் கேபிளைப் பிடுங்குவதும் அதனால் இன்னும் மோசமாவதும் இங்கேதான் நடக்கும். முதலில், எது பாதியில் நின்றது என்று பிரித்துப் பாருங்கள்.

கணினி இன்னும் கோப்பை இறக்கிக்கொண்டிருந்தால் ஆபத்தே இல்லை. டேப்லெட்டில் இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை. ஐபேட் 15 நிமிடத்துக்கு மேல் ரிக்கவரி திரையில் காத்திருக்காது, தானாக வெளியேறிவிடும். கோளாறு என்று நினைக்காதீர்கள். இறக்கம் முழுதாக முடியட்டும், பிறகு மறுபடி ரிக்கவரி மோடுக்குக் கொண்டுவந்து அப்டேட் கொடுங்கள். மெதுவான இணைய இணைப்பில் இது கட்டாயம் நடக்கும்.

டேப்லெட்டில் எழுத ஆரம்பித்துவிட்டால் கைவைக்காதீர்கள். சாம்சங்கில் சிஸ்டம் பகுதி எழுதும்போது கோடு நகராத மாதிரி தெரியும், பல ஜிபி கோப்பு அது. கணினியிலும் டேப்லெட்டிலும் அரை மணி நேரமாக எதுவுமே அசையவில்லை என்றால் மட்டும், பவரும் வால்யூம் கீழும் பிடித்து மறுதொடக்கம் செய்து மீண்டும் தொடங்கலாம்.

ஐபேடில் பிழை எண் 9, 4005, 4013, 4014: எழுதும் நடுவே இணைப்பு அறுந்தது என்று பொருள். கணினியின் ஓஎஸ்ஸையும் ஆப்பிள் மென்பொருளையும் அப்டேட் செய்யுங்கள், கேபிளை மாற்றுங்கள், போர்ட்டை மாற்றுங்கள், கடைசியாகக் கணினியையே மாற்றுங்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால்தான் எது காரணம் என்று தெரியும். கணினியை மாற்றியதும் சரியாகும் டேப்லெட்டுகள் நிறைய உண்டு, ஆகவே நண்பரின் லேப்டாப்பைக் கேட்டு வாங்கக் கூச்சப்படாதீர்கள்.

ஓடின் 'செட்டப் கனெக்ஷன்' வரியிலேயே நின்றால்: சாம்சங்கின் ஸ்மார்ட் ஸ்விட்ச் மென்பொருள் கணினியின் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம், அதை முழுவதுமாக மூடுங்கள். டேப்லெட்டை டவுன்லோட் மோடிலிருந்து வெளியே எடுத்து மறுபடி உள்ளே கொண்டுபோங்கள். ஒரு முறை தோற்ற பிறகு அதே திரையில் வைத்து மறுபடி 'ஸ்டார்ட்' அழுத்தினால் பெரும்பாலும் மறுபடியும் தோற்கும்.

ஓடின் சிவப்பில் 'ஃபெயில்' காட்டினால்: கணினித் திரையை விட்டு டேப்லெட் திரையைப் பாருங்கள். மேலே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், உண்மையான காரணம் அதுதான். போன் கேமராவில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி கோப்பை ஏற்க மறுப்பதைப் பற்றி இருந்தால் அறிகுறி 4-க்குப் போங்கள்.

எம்டி5 (கோப்பு பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) சரியில்லை என்று வந்தால்: கோப்பு முழுதாக இறங்கவில்லை, அல்லது ஜிப்பைப் பிரிக்கும்போது டிஸ்க்கில் இடம் போதவில்லை. ஓடின் 3.13-க்கு முந்தைய பதிப்பு என்றால் புதிய கோப்புகளைப் படிக்கவே தெரியாமல் இப்படிச் சொல்லும். ஏபி கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் ஓடின் சில நிமிடம் உறைந்து நிற்பது இயல்புதான், அது கோப்பைச் சரிபார்க்கிறது.

இன்னொன்று, தமிழில் பெயர் வைத்த ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேரை வைத்தால் இந்த வகைக் கருவிகள் சில தடுமாறும். சி டிரைவிலேயே சின்னதாக ஆங்கிலப் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்து அதில் போடுங்கள்.

மீடியாடெக் சிப் உள்ள டேப்லெட்டில் எஸ்பி ஃப்ளாஷ் டூல் (அந்தச் சிப்புக்கான ஃபர்ம்வேர் ஏற்றும் மென்பொருள்) பிழை 4032 காட்டினால்: பேட்டரியை ஏற்றி, கேபிள் மாற்றிப் பாருங்கள். அதற்கும் வந்தால் ஏற்றுவது வேறு மாடலின் ஃபர்ம்வேர் என்று சந்தேகப்படுங்கள். பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே மெமரி சிப் மாறிய டேப்லெட்டுகள் உண்டு. அந்தக் கருவியில் எல்லாவற்றையும் ஃபார்மட் செய்துவிட்டு ஏற்றும் தேர்வு ஒன்று இருக்கிறது. எவ்வளவு எரிச்சல் வந்தாலும் அதைத் தொடாதீர்கள். ஐஎம்இஐ எண் உட்பட அந்த டேப்லெட்டுக்கே உரிய தகவல்கள் அதில் அழிந்துபோகும், அவை ஃபர்ம்வேர் கோப்பில் இருக்காது. 'டவுன்லோட் ஒன்லி' போதும்.

பாதியில் அறுந்தபின், ஸ்மார்ட் ஸ்விட்ச்சின் அவசர மீட்பைப் பயன்படுத்தச் சொல்லும் திரை வந்தால் கலங்க வேண்டாம். டேப்லெட் சாகவில்லை, ஓஎஸ் அரைகுறையாக நிற்கிறது, அவ்வளவுதான். டவுன்லோட் மோடுக்குக் கொண்டுபோக முடிந்தால் நல்ல கேபிளில் முழு ஃபர்ம்வேரையும் மறுபடி ஏற்றினால் போதும்.

நிபுணரிடம் போகும் இடம்: கணினி, கேபிள் எல்லாம் மாறியும் அதே பிழை எண் வருகிறது, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்கிறது என்றால் சேமிப்புச் சிப்போ போர்டோ பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். கீழே விழுந்த அல்லது நனைந்த டேப்லெட்டில் 4013 விடாமல் வந்தால் இன்னும் முயன்று நேரம் கடத்தாதீர்கள்.

## அறிகுறி 4: கோப்பை ஏற்க மறுக்கிறது

ஐபேடில் பிழை எண் 3194: இரண்டே காரணம். ஒன்று, நீங்கள் தேடிப்பிடித்தது பழைய பதிப்பு. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ஆப்பிள் சர்வர் அந்தப் பதிப்புக்குக் கையொப்பம் தர வேண்டும், பழையவற்றுக்குத் தருவதை அது நிறுத்திவிடும். கோப்பு நீங்கள் கொடுக்காமல், கணினியையே இறக்கிக்கொள்ள விடுங்கள். இரண்டு, கணினியால் ஆப்பிள் சர்வரை எட்ட முடியவில்லை. விபிஎன்னை அணையுங்கள், வேறு இணைய இணைப்பில் பாருங்கள், ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்த இணைய முகவரி எங்கே போக வேண்டும் என்று கணினி பார்க்கும் கோப்பு) ஆப்பிள் முகவரி ஏதேனும் எழுதியிருந்தால் நீக்குங்கள். ஜெயில்பிரேக் (ஆப்பிளின் கட்டுப்பாடுகளை உடைப்பது) முயன்ற கணினிகளில் அந்த வரி இன்னும் கிடக்கும்.

சாம்சங்கில் 'ரெவ் செக் ஃபெயில், டிவைஸ் 5, பைனரி 4' போன்ற வரி: டேப்லெட்டின் பூட்லோடர் எண் 5, நீங்கள் ஏற்றுவது 4. கீழே இறங்க அது விடாது, சுற்றுவழி தேட வேண்டாம். ஃபர்ம்வேர் பதிப்பின் பெயரில் கடைசியிலிருந்து 5-ஆவது எழுத்துதான் இந்த எண். 5-ஓ அதற்கு மேலோ உள்ள கோப்பை எடுங்கள். 9-க்குப் பிறகு ஏ, பி என்று எழுத்தாகப் போகும்.

## அறிகுறி 5: வெற்றி என்று காட்டியது, ஆனாலும் மறுபடி லோகோதான்

முதல் திறப்புக்கு மீண்டும் அரை மணி நேரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் அதே கதை என்றால், மிஞ்சியிருக்கும் வழி டேட்டாவை அழிப்பது: ஐபேடில் ரீஸ்டோர், சாம்சங்கில் வெறும் சிஎஸ்சி.

உள்ளே இருப்பது உங்களுக்கு வேண்டும் என்றால் இங்கே நிறுத்துங்கள். இப்போதைய டேப்லெட்டுகளில் டேட்டா குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், சாவி அந்தச் சிப்போடே பிணைந்திருக்கும். ஒரு முறை துடைத்துவிட்டால் எந்த மீட்பு மென்பொருளாலும் எடுக்க முடியாது. சேமிப்புச் சிப்பை மட்டும் கழற்றிப் படித்தாலும் பயனில்லை. துடைக்காமல், போர்டைச் சரிசெய்து அதே டேப்லெட்டை ஓட வைப்பதுதான் வழி. அது போர்டு அளவில் வேலை செய்யும் டேட்டா மீட்பு நிபுணரின் வேலை, செலவும் அதிகம். அவரிடம் போவதென்றால் இன்னும் ஒரு முறைகூட எதையும் ஏற்றிப் பார்க்காமல் கொண்டுபோங்கள்.

டேட்டா வேண்டாம் என்றால் துடைத்து ஏற்றுங்கள். துடைத்த பிறகும் லோகோவில் நின்றால் ஃபர்ம்வேரை மறந்துவிடுங்கள். சார்ஜர் மாட்டியிருக்கும்போது ஓடி, கழற்றியதும் லோகோவில் விழுகிறதா? பேட்டரியை மாற்றுங்கள். இரண்டிலும் விழுந்தால் போர்டு.

## அறிகுறி 6: திரை முழுக்கக் கருப்பு

பேட்டரி அடியோடு இறங்கியிருக்கலாம். கணினியின் போர்ட்டை நம்பாமல் சுவர் சார்ஜரில் 1 மணி நேரம் விட்டு, சார்ஜர் மாட்டியபடியே கட்டாய மறுதொடக்கம் செய்யுங்கள்.

கருப்பாகவே இருந்தாலும் சத்தம் வருகிறதா, அதிர்கிறதா, கணினியில் பெயரோடு தெரிகிறதா? அப்படியென்றால் திரைதான் போயிருக்கிறது. திரையை மாற்றினால் உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். இந்த நிலையில் ஃபர்ம்வேர் ஏற்றுவது வீண், கைதவறினால் டேட்டாவும் போகும்.

ஐபேட் கருப்பாக இருந்தும், ரிக்கவரி மோடில் இருப்பதாகக் கணினி சொன்னால் அது டிஎஃப்யூ நிலையில் (ரிக்கவரியைவிட ஆழமான, திரை எரியாத மீட்பு நிலை) இருக்கலாம். கட்டாய மறுதொடக்கத்தில் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். அணைந்த மீடியாடெக் டேப்லெட்டை மாட்டும்போது டிவைஸ் மேனேஜரில் ஒரு வரி சில விநாடி வந்து மறைவது இயல்பு, அது உயிரோடு இருப்பதற்கான அடையாளம். குவால்காம் சிப் உள்ள டேப்லெட் டிவைஸ் மேனேஜரில் '9008' என்ற எண்ணோடு நிலையாகத் தெரிந்தால் பவரும் வால்யூம் கீழும் 20 விநாடி பிடித்துப் பாருங்கள். மறுபடி அதே 9008 என்றால் பூட்லோடர் வரை பாதிக்கப்பட்டிருக்கிறது. அதை எழுப்பத் தயாரிப்பாளர் கையொப்பமிட்ட தனிக் கோப்பு வேண்டும், சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.

## அறிகுறி 7: திறந்துவிட்டது, ஆனால் பழைய கணக்கைக் கேட்கிறது

இது கோளாறு அல்ல. திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு, ஃபர்ம்வேரை எத்தனை முறை மாற்றினாலும் போகாது. ஆண்ட்ராய்டு என்றால் டேப்லெட்டில் கடைசியாக இருந்த கூகுள் கணக்கைக் கொடுங்கள். கடவுச்சொல் மறந்திருந்தால் வேறு கணினியிலிருந்து கணக்கை மீட்டு, பிறகு வந்து போடுங்கள். ஐபேடுக்கும் அப்படியே. பழையதாக வாங்கியது என்றால், விற்றவர் தன் ஆப்பிள் கணக்கில் நுழைந்து 'ஃபைண்ட்' பட்டியலிலிருந்து அந்த ஐபேடை நீக்க வேண்டும், அவர் நேரில் வரத் தேவையில்லை. வாங்கிய ரசீது உங்கள் பெயரில் இருந்தால் ஆப்பிளிடமே நேராகக் கேட்கலாம். காசு வாங்கிக்கொண்டு இந்தப் பூட்டை எடுத்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை உங்கள் கணினியில் நிறுவாதீர்கள்.